படகுக்கு ஜி.பி.எஸ்.ஸும் பிஷ் பைண்டரும் வாங்க முன்னர்

(அன்புவழிபுரத்தில் மீள்குடியேறும் கடற்றொழிலாளர் குடும்பங்களுக்காக நடைபெற்ற கலந்துரையாடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம். அன்று வர முடியாதவர்களுக்காக இங்கே தரப்படுகிறது.)



முப்பது வருடம் கடலுக்குப் போனவன் நான். இப்போது வெளியிணைப்பு இயந்திரம் திருத்துகிறேன். கொட்டியாரக்குடாவின் அந்தப் பக்கம் பிறந்து, 2006 இல் உடுத்த உடுப்போடு வெளிக்கிட்டு, பல வருடம் இந்த அன்புவழிபுரத்தில் உறவினர் வீட்டில் இருந்தேன். 2015, 2016 இல் சம்பூர்ப் பக்கத்துக் காணிகள் விடுவிக்கப்பட்ட பிறகுதான் திரும்பிப் போனேன். ஆகவே நான் கதைப்பது கடைக்காரனின் கதை அல்ல. எனக்கு எந்தக் கொம்பனியும் கமிஷன் தருவதில்லை.

உங்களில் பலருக்கு வாழ்வாதார உதவியாகப் படகும் வலையும் கிடைத்திருக்கிறது, அல்லது கிடைக்க இருக்கிறது. மிச்சக் காசில் ஜி.பி.எஸ். வாங்குவதா, பிஷ் பைண்டர் வாங்குவதா, இரண்டும் ஒன்றாக இருக்கும் பெட்டியை வாங்குவதா என்று சங்கத்தில் ஒவ்வொரு நாளும் கேள்வி. இந்தக் காசு ஒரு தடவைதான் வரும். பிழையான சாமானுக்குப் போட்டால் அது அலுமாரிக்குள் தூங்கும், கடன் மட்டும் முழித்திருக்கும். அதனால்தான் கொஞ்சம் நீட்டிச் சொல்லப் போகிறேன், பொறுத்துக் கொள்ளுங்கள்.

முதலில் ஒன்று. படகில் ஆளுக்கொரு உயிர்காப்பு அங்கி இல்லாவிட்டால், இந்தப் பேச்சை இங்கேயே நிறுத்திவிட்டு அதை வாங்குங்கள். ஜி.பி.எஸ். மிதந்தாலும் உங்களைத் தூக்கிப் பிடிக்காது.

சரி. இந்தக் கருவிகள் நமக்கு ஏன் தேவைப்பட்டன? நம்முடைய தகப்பன்மாருக்குத் தேவைப்படவில்லையே என்று ஒரு ஐயா போன கூட்டத்தில் கேட்டார். நியாயமான கேள்வி. அவர்கள் கரைக்குறி பார்த்தார்கள். சுவாமிமலை உச்சி ஒரு பக்கம், பவுல் முனை வெளிச்சவீடு மறுபக்கம், ஊருக்குள் ஒரு பெரிய ஆலமரம், கோயில் கோபுரம், இரட்டைப் பனை. இந்த இரண்டு ஒரு நேர்க்கோட்டில் வரவேண்டும், அந்த இரண்டும் ஒரு நேர்க்கோட்டில் வரவேண்டும், இரண்டு கோடும் வெட்டும் இடம்தான் பார். ஈயக்கட்டியின் அடியில் கொழுப்பு பூசி இறக்கி, எத்தனை பாகம் ஆழம், ஒட்டிவந்தது மணலா சேறா என்று பார்த்தார்கள். ஒன்றும் ஒட்டாமல் கட்டி வெறுமனே தட்டினால் கல். அதுவும் ஜி.பி.எஸ்.தான், எக்கோதான். பற்றரி மட்டும் இல்லை.

ஆனால் 2004 டிசம்பர் 26 அன்று வந்த கடல் கரையோர மரங்களைக் கொண்டு போனது. மிச்சத்தை யுத்தம் கொண்டு போனது. நான் திரும்பிப் போய் முதல் நாள் கடலுக்கு இறங்கி, அப்பா காட்டித் தந்த பாருக்கு மேலே நிற்கிறேன் என்று நினைத்து நூல் போட்டேன். வெறும் சேறு. கரையைத் திரும்பிப் பார்த்தால் இரட்டைப் பனை இல்லை. பள்ளிக்கூடக் கூரை இல்லை. மலையும் வெளிச்சவீடும் இருக்கிறது. ஆனால் குறுக்குக் கோடு போடக் கரையில் ஒன்றும் இல்லை. மூன்று நாள் தேடினேன். மண்ணெண்ணெய் செலவுதான் மிச்சம். அந்தப் பாரை எனக்குத் திரும்ப எடுத்துத் தந்தவர் ஒரு பெரியவர். அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஜி.பி.எஸ். எப்படி வேலை செய்கிறது என்று சுருக்கமாகச் சொல்கிறேன். ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்தில் செய்மதிகள் சுற்றுகின்றன. குறைந்தது நான்கு செய்மதிகளின் சமிக்ஞை கிடைத்தால் கருவி தான் நிற்கும் இடத்தைக் கணக்குப் பார்த்துக் கொள்ளும். கருவி வாங்குகிறதே தவிர ஒன்றையும் அனுப்புவதில்லை. அதனால் மாதக் கட்டணம் இல்லை, சிம் தேவையில்லை. உங்களை யாரும் அதைக் கொண்டு தேடிக் கண்டுபிடிக்கவும் முடியாது. நீங்கள்தான் இடத்தைச் சொல்ல வேண்டும். 2000 ஆம் ஆண்டு மே மாதம் வரை பொதுமக்களின் கருவிகளுக்கு அமெரிக்கா வேண்டுமென்றே பிழையைக் கலந்து விட்டது, நூறு மீற்றர் வரை தள்ளிக் காட்டும். அதை நிறுத்திய பிறகு சாதாரணக் கருவியும் பத்து மீற்றருக்குள் காட்டுகிறது. நம் தொழிலுக்கு அது தாராளம்.

உங்கள் கைத்தொலைபேசியிலும் ஜி.பி.எஸ். இருக்கிறது. கவரேஜ் இல்லாத இடத்திலும் அது இடத்தைக் காட்டும், வரைபடத்தைக் கரையிலேயே இறக்கி வைத்திருந்தால் போதும். பிறகேன் தனிக் கருவி என்று பிள்ளைகள் கேட்பார்கள். உப்புத் தண்ணீர், வெயிலில் தெரியாத திரை, ஈரக்கையால் தட்டினால் கேட்காத கண்ணாடி, அரை நாளில் இறங்கும் பற்றரி: இவ்வளவும் சேர்ந்தால் அவசரத்துக்குக் கதைக்க இருந்த ஒரே சாமானும் போய்விடும். போனை பொலித்தீனில் சுற்றி வைத்துக் கொள்ளுங்கள். அது கடைசி நேரத்துக்கு.

கையடக்கக் கருவி வாங்கும்போது மூன்று விடயம் பாருங்கள். அழுத்தும் பொத்தான் இருக்க வேண்டும், தொடுதிரை வேண்டாம். டோர்ச் லைற்றுக்குப் போடும் சிறிய பற்றரி, ஏ.ஏ. வகை, அதில் ஓட வேண்டும், பெட்டிக்கடையிலும் கிடைக்கும். பெட்டியில் ஐ.பி.எக்ஸ். 7 என்று போட்டிருக்க வேண்டும். அதன் பொருள் ஒரு மீற்றர் தண்ணீருக்குள் அரை மணித்தியாலம் கிடந்தாலும் தாங்கும் என்பது. ஆனால் தாங்குவது வேறு, மிதப்பது வேறு. கார்மினில் 72எச், 78 ஆகியவை மிதக்கும். அதே கொம்பனியின் சின்ன ஈட்ரெக்ஸ் கல்லுப் போல் தாழும். எதுவாக இருந்தாலும் ஒரு முழம் கயிறு கட்டிப் படகில் முடிந்து விடுங்கள்.

வாங்கிய அன்றே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. இதில்தான் கூடப் பேர் பிழை விடுகிறார்கள். இடத்தை எழுதும் முறை மூன்று விதம். பாகை மட்டும், பாகையும் நிமிடமும், பாகை நிமிடம் விநாடி. திருகோணமலை வடக்கு 8 பாகை 34 நிமிடத்தை ஒட்டி இருக்கிறது. ஒருவர் கருவியில் 8 பாகை 34.50 நிமிடம் என்று இருக்கிறது. அவர் போனில் "எட்டு, முப்பத்துநாலு, ஐம்பது" என்கிறார். தேடிப் போகிறவர் கருவியில் அது 34 நிமிடம் 50 விநாடி என்று ஏறுகிறது. வித்தியாசம் 617 மீற்றர். பகலில் பரவாயில்லை. இரவில், அலைக்குள், விளக்கு இல்லாத படகைத் தேடும்போது அறுநூறு மீற்றர் என்ன தூரம் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆகவே சங்கத்தில் எல்லோரும் ஒரே முறையை வையுங்கள். கடலில் வழக்கமானது பாகையும் தசம நிமிடமும். கடல் மைல் கணக்கும் அதோடு பொருந்தும். வடக்குத் தெற்காக ஒரு நிமிடம் என்றால் ஒரு கடல் மைல், 1,852 மீற்றர். "புள்ளி" என்ற சொல்லை வாயால் சொல்லுங்கள்: "முப்பத்துநாலு புள்ளி ஐந்து பூச்சியம்". கருவியின் அமைப்பில் டபிள்யூ.ஜி.எஸ். 84 என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். வேறு அளவைமுறையில் இருந்தால் சில நூறு மீற்றர் தள்ளிக் காட்டக் கூடும்.

இன்னொன்று, "போ" என்ற பொத்தானை அழுத்தினால் கருவி நேர்க்கோடு போடும். அதற்குத் தரையும் தெரியாது, கல்லும் தெரியாது. குடாவுக்குள் இருந்து வெளிக்கடல் பாருக்குக் கோடு போட்டால் அது பவுல் முனையை ஊடறுத்துப் போகும். முனையைச் சுற்ற நல்ல ஆழமான இடத்தில் இரண்டு மூன்று புள்ளி பதிந்து, ஒவ்வொன்றாகப் போங்கள். பகலில் ஒருமுறை போய் வந்த பாதையைப் பதிந்து வைத்து, இரவில் அதே பாதையில் வருவதுதான் எல்லாவற்றிலும் பாதுகாப்பு. படகு நின்றுவிட்டால் கையடக்கக் கருவிகள் பலவற்றுக்குத் தன் முகம் எந்தப் பக்கம் என்று தெரியாது, திசை தாறுமாறாகச் சுற்றும். அதனால் பழைய திசைகாட்டியைக் கரையில் எறிந்துவிட வேண்டாம்.

ஏன் இதை இவ்வளவு சொல்கிறேன் என்றால், நம்முடைய கரை கிழக்குக் கரை. கச்சான் காற்று தரையிலிருந்து கடலுக்கு அடிக்கிறது. இயந்திரம் நின்றால் காற்று உங்களைக் கரையில் சேர்க்காது, வெளியே கொண்டு போகும். அங்காலே அந்தமானும் சுமாத்திராவும்தான். மணிக்கு இரண்டு கடல் மைல் இழுத்தால் ஒரு மணித்தியாலத்தில் மூன்றரைக் கிலோமீற்றருக்கு மேல். ஆகவே அறிவிக்கும்போது இடத்தை மட்டும் சொல்லாதீர்கள். எத்தனை மணிக்கு வாசித்தீர்கள், எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதையும் சொல்லுங்கள். அரை மணிக்கு ஒருமுறை திரும்ப வாசித்துச் சொல்லுங்கள். கரையில் இருக்கும் அக்காமார் இந்த எண்களை எழுதப் பழக வேண்டும். கொப்பியும் பேனையும் போனுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். ஆள் தவறி விழுந்தால் அந்த இடத்தை உடனே பதியும் பொத்தான் பல கருவிகளில் இருக்கிறது. அது எங்கே என்று படகில் உள்ள சின்னப் பெடியனுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

இனிப் பிஷ் பைண்டருக்கு வருவோம். பெயரே பொய். அது மீன் பிடித்துத் தராது. கீழே ஒரு சத்தத்தை அனுப்பி, திரும்பி வருவதைக் கேட்கிறது. கடல் நீரில் சத்தம் ஒரு நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீற்றர் ஓடும். நூறு மீற்றர் ஆழத்தில் பட்டுத் திரும்ப ஒரு நொடியில் ஏழில் ஒரு பங்கு போதும். திரும்பி வந்த நேரத்தைக் கொண்டு ஆழத்தையும், சத்தத்தின் பலத்தைக் கொண்டு அடி எப்படி என்பதையும் சொல்லும். தடித்த கோடு, அதற்குக் கீழே இரண்டு மடங்கு ஆழத்தில் இன்னொரு மங்கல் கோடு என்றால் கல். மெல்லிய மங்கல் கோடு என்றால் சேறு. என்னைக் கேட்டால் நமக்கு இதுதான் பெறுமதி. மீனைக் காட்டுவதை விட, வலை கிழியும் இடத்தைக் காட்டுவதால்தான் இந்தப் பெட்டி தன் விலையைத் திருப்பித் தருகிறது.

திரையில் சின்னச் சின்ன மீன் படம் வந்தால் சந்தோஷப்பட வேண்டாம். குப்பை, நீர்க்குமிழி, கடற்பாசி எல்லாவற்றையும் அது மீனாக வரையும். அந்த வசதியை நிறுத்திவிட்டு வளைகோடுகளைப் பார்க்கப் பழகுங்கள். சத்தம் நன்றாகத் திரும்புவது மீனின் காற்றுப்பையில் பட்டு. விளைமீன், கலவாய்க்கு அது உண்டு. சுறா, கணவாய், சூரைக்குக் காற்றுப்பை இல்லை; கீழே நிறைய இருந்தாலும் மங்கலாகத்தான் தெரியும். சூரைக்குப் போகிறவர் இதற்குக் காசு போடுவதை விடப் பறவையைப் பார்ப்பது மேல். திரையின் வலது ஓரம் மட்டும்தான் இப்போது படகுக்குக் கீழே இருப்பது. இடப்பக்கம் எல்லாம் நீங்கள் கடந்து வந்தது.

வாங்கும்போது இரண்டு எண் கேட்பார்கள். 200 கிலோஹேர்ட்ஸ், 50 கிலோஹேர்ட்ஸ். முதலாவது ஆழம் குறைந்த இடத்துக்கு. ஒடுங்கலாகப் பார்க்கும், தெளிவாகக் காட்டும். முப்பது மீற்றர் ஆழத்தில் ஏறத்தாழ பத்து மீற்றர் அகலமான வட்டத்தைப் பார்க்கும். இரண்டாவது ஆழத்துக்கு, அதே ஆழத்தில் இருபத்தைந்து மீற்றர் அகலம் பார்க்கும், ஆனால் மங்கல். கரைவலைக்கும் பார் ஓரத்துத் தூண்டிலுக்கும் 200 போதும். வெளிக்கடல் போகிறவர் இரண்டும் உள்ளதை எடுங்கள்.

பெட்டியில் எழுதியிருக்கும் வாட் கணக்கில் ஒரு விளையாட்டு இருக்கிறது. பெரிய எழுத்தில் 4,000 வாட் என்று போட்டிருக்கும். அது உச்ச அளவு. உண்மையான அளவு அதில் எட்டில் ஒரு பங்கு, 500 வாட். பக்கத்தில் இருக்கும் கருவியில் நேர்மையாக 500 என்று போட்டிருந்தால் இரண்டும் ஒன்றுதான். "ஆர்.எம்.எஸ். எத்தனை" என்று கேளுங்கள். கடைக்காரர் முழித்தால் வேறு கடைக்குப் போங்கள்.

திருகோணமலைக்கென்று ஒரு விடயம் உண்டு. நம்முடைய குடா மற்ற இடம் போல இல்லை. கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று துறைமுக வாய்க்குள்ளேயே வந்து முடிகிறது. கொஞ்சத் தூரம் போனவுடன் ஆழம் நூற்றுக்கணக்கான மீற்றராக விழும். அங்கே சின்னக் கருவி அடியைத் தொலைத்துவிட்டு வெறும் கோடு காட்டும், அல்லது ஆழம் பன்னிரண்டு மீற்றர் என்று பொய் சொல்லும். பழுதென்று என்னிடம் திருத்தக் கொண்டு வந்த கருவிகளில் பாதிக்குப் பழுதே இல்லை. சந்தேகம் வந்தால் பழைய ஈயக்கட்டியை இறக்கிப் பாருங்கள். அது பொய் சொல்லாது.

தண்ணீருக்குள் இருக்கும் கறுத்தக் குமிழைத்தான் ட்ரான்ஸ்டியூசர் என்பது. கருவியின் காது அதுதான். ஒருமுறை ஒரு நிறுவனம் கொடுத்த கருவிகளில் பெட்டி ஒரு வகை, குமிழ் வேறு வகை. செருகி கூடப் பொருந்தவில்லை. கொடுத்தவர்கள் படம் எடுத்துக் கொண்டு போய்விட்டார்கள். ஆகவே கையெழுத்துப் போட முன்னர் திறந்து செருகிப் பாருங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. மணலில் இழுத்து ஏற்றும் படகுக்கு அடியில் குமிழைப் பூட்டினால் இரண்டாம் நாளே பிய்ந்துவிடும். பின்பக்கத்தில் இயந்திரத்துக்குக் கிட்டவும் வேண்டாம், நுரைதான் தெரியும். ஒரு தடியில் பூட்டி, படகின் ஓரத்தில் இறக்கித் தூக்கக் கூடியதாகச் செய்யுங்கள். ஓடும்போது தூக்கி வையுங்கள். கண்ணாடியிழை தடிப்பாக, உள்ளே பலகையோ நுரையோ இல்லாமல் இருந்தால், உட்பக்கத்தில் எபொக்சியால் ஒட்டியும் வைக்கலாம். கொஞ்சம் பலம் குறையும், ஆனால் பிய்யாது. நீர்மட்டத்துக்குக் கீழே துளை மட்டும் போடாதீர்கள்.

மின்சாரத்துக்குக் கையால் இழுத்து இயக்கும் நம்முடைய மண்ணெண்ணெய் இயந்திரங்கள் பலவற்றில் பற்றரி ஏற்றும் வசதி இல்லை. கரையில் ஏற்றித்தான் கொண்டு போக வேண்டும். 7 அம்பியர் மணி பற்றரி, கருவி 0.7 அம்பியர் எடுக்கிறது என்றால் கணக்குக்குப் பத்து மணித்தியாலம். ஆனால் பாதிக்கு மேல் இறக்கினால் பற்றரி சீக்கிரம் செத்துவிடும். ஐந்து மணித்தியாலம் என்று வையுங்கள். பியூஸ் இல்லாமல் வயர் இணைக்க வேண்டாம். முனைகளுக்கு வசிலின் பூசுங்கள், கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடையுங்கள். மண்ணெண்ணெய்க் கையால் திரையைத் துடைக்காதீர்கள், கண்ணாடி வெளுத்துப் போகும்.

பழையது வாங்குகிறவர்கள் வெளியே வெட்டவெளியில் வைத்துச் செய்மதி பிடிக்கிறதா என்று பாருங்கள். கண்ணாடிக்கு உள்பக்கம் ஆவி படிந்திருந்தால், குமிழின் வயர் வெட்டி ஒட்டியிருந்தால், விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம்.

ஆகவே என்ன வாங்குவது? என் அபிப்பிராயம் இது. ஒவ்வொரு படகுக்கும் மிதக்கும் கையடக்க ஜி.பி.எஸ். ஒன்று. பிஷ் பைண்டர் நான்கு ஐந்து படகுக்கு ஒன்று, தடியில் பூட்டி, பற்றரியோடு தூக்கிக் கொண்டு போகக் கூடியதாக. கல்லும் சேறும் இடம் மாறுவதில்லை. ஒருமுறை பார்த்துப் பதிந்தால் எல்லோருக்கும் போதும். இரண்டும் சேர்ந்த பெரிய பெட்டி பலநாட் கலத்துக்கு நல்லது. பதினெட்டடிப் படகில் அது பழுதானால் இரண்டும் ஒன்றாகப் போகும். சிலர் இதை ஒப்ப மாட்டார்கள். ஒரு கருவியைப் பகிர்ந்தால் சண்டை வரும் என்பார்கள். வரும்தான். கொப்பியில் முறை எழுதி வையுங்கள்.

கருவியைப் படகில் ஏற்ற முன்னர் உங்கள் பகுதிக் கடற்றொழில் பரிசோதகரிடம் ஒரு சொல் கேளுங்கள், படகின் பதிவையும் தொழில் அனுமதிப்பத்திரத்தையும் கையோடு வைத்திருங்கள். அனுப்பும் றேடியோ வைத்திருப்பதானால் அதற்குத் தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி வேண்டும். நிலாவெளிப் பக்கம் தொழில் செய்கிறவர்கள் புறாத்தீவைச் சுற்றிய எல்லையைக் கருவியில் பதிந்து கொள்ளுங்கள். 2003 இலிருந்து அது தேசியப் பூங்கா. துறைமுகத்துக்குள் கடற்படை மறித்த பகுதிகளுக்கும் அப்படியே.

அந்தப் பெரியவரின் கதையைச் சொல்கிறேன் என்றேன். அப்பாவோடு தொழில் செய்தவர். கண் மங்கல். முகாம் முகாமாக இருந்து களைத்தவர். அவரைப் படகில் ஏற்றிக் கொண்டு போனேன். கரையைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியவில்லை, அழுதுவிட்டார். பிறகு மலையையும் வெளிச்சவீட்டையும் பார்த்து, நீரோட்டத்தைக் கையால் தொட்டு, "இன்னும் கொஞ்சம் வாடைப் பக்கம் விடு தம்பி" என்று சொல்லிச் சொல்லி வந்தார். ஈயம் இறக்கச் சொன்னார். பதினான்கு பாகத்தில் கல் தட்டியது. நான் கருவியில் பொத்தானை அழுத்தினேன். அன்று ஏழு இடம் பதிந்தோம். ஒவ்வொன்றுக்கும் அவர் சொன்ன பழைய பெயரையே வைத்தேன், எண்களைக் கொப்பியிலும் எழுதினேன். அடுத்த வாடைக்கு அவர் இல்லை.

உங்கள் ஊரிலும் அப்படி ஒருவர் இருப்பார். கருவி வாங்கிய கிழமையே, கடல் அமர்ந்திருக்கும் ஒரு காலையில் அவரைக் கூட்டிக் கொண்டு போங்கள். உயிர்காப்பு அங்கியை அவருக்கு முதலில் போட்டு விடுங்கள். எண்களை இரண்டு கொப்பியில் எழுதுங்கள், ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

கேள்வி இருந்தால் கேளுங்கள். கருவி கொண்டு வந்தவர்கள் வெளியே முற்றத்துக்கு வாருங்கள், நிமிடக் கணக்கை மாற்றித் தருகிறேன்.